படிக்கக் கிடைத்த சட்டம்

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். ஆசியான் நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட தடையில்லா வணிக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. எந்தச் சரக்குக்கு எந்த ஆண்டில் எவ்வளவு வரி குறையும் என்று பக்கம் பக்கமாக ஆங்கிலப் பட்டியல். எங்க தெருவில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

அதே ஆசியானில் இருக்கும் இந்தோனேசியாவில், சுமத்ராவின் பாருஸ் பக்கம், 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. வருகிற மரக்கலத்தின் தலைவனும் ஆட்களும் கஸ்தூரி விலையைக் கணக்காக வைத்துப் பொன் கட்ட வேண்டும். அரசன் ஆணை இல்லை, வணிகர்களே போட்ட விதி. கட்டுகிறவன் மொழியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

பெருமைப்படலாம்தான். ஆனால் துணி நெய்தவனையும் துடுப்புப் போட்டவனையும் அந்தக் குழு கேட்டதா? மிஞ்சிய வரிகளில் அப்படி எதுவும் இல்லை. படிக்கக் கிடைப்பது வேறு, நம்மைக் கேட்பது வேறு.

செயலிகளில் 'ஏற்கிறேன்' பொத்தான் வைப்பது என் வேலை. மேலே இருக்கும் நிபந்தனைகளை யாரும் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் வைக்கிறேன். அதற்குச் சம்மதம் என்று பெயர் வேறு.

கல் வெட்டியவர்கள் பாதி நியாயமாவது செய்தார்கள். என்ன விதி என்றே தெரியாதவன் எதை மறுப்பான்?