கூட்டுப்பெட்டியும் அடைக்கல அறமும்

ஓர் உயிரைக் காப்பது இன்னோர் உயிரின் இரையைப் பறிப்பதாக முடியும்போது கருணை எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது சமய அறத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. பறவைகளுக்குக் கூட்டுப்பெட்டி வைக்கும் வழக்கம் பரவியபின் அந்தக் கேள்வி வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டது. வட அமெரிக்கத் தோட்டங்களில் நீலப்பறவைக்காகக் கம்பத்தில் ஏற்றப்படும் பெட்டியைச் சுற்றி எழும் இந்தக் கேள்வி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடி மலைக்குக் கீழேயுள்ள கல்லாற்றின் புரையிடங்கள் எனும் வீட்டுத் தோட்டங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பொந்தில் முட்டையிடும் பறவைகள் இரு வகைப்படும். மரங்கொத்தியும் குக்குறுவானும் தாமே மரத்தைக் குடைந்துகொள்ளும். மைனா, குண்டுக்கரிச்சான், பட்டாணிக்குருவி, புள்ளி ஆந்தை போன்றவை ஏற்கெனவே உள்ள பொந்தையோ சுவர் இடுக்கையோ தேடிப் பிடிக்கும். இந்த இரண்டாம் வகைக்கு வேண்டியவை முதிர்ந்த மரங்களும் பட்ட மரங்களும். ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றி வெட்டப்படுகிறது. பொந்து விழும் வயதுவரை அதை யாரும் விட்டுவைப்பதில்லை. பட்ட தென்னை, விழுந்தால் ஆபத்து என்று சாய்க்கப்படுகிறது. கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய பழைய சுவர்கள் இருந்த இடத்தில் இடுக்கில்லாத சிமென்ட் சுவர்கள் நிற்கின்றன. மனிதன் எடுத்துக்கொண்ட இடத்துக்கு ஈடாக மனிதன் தருவதே கூட்டுப்பெட்டி. ஆகவே அது முழுக்கக் கொடை என்று சொல்வதற்கில்லை. ஒரு பகுதி கடன் தீர்ப்பது.

அமெரிக்காவில் இந்தக் கடன் வேறு வழியில் ஏறியது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிட்டுக்குருவிகள் 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் விடப்பட்டன. 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகள் விடப்பட்டன. இரண்டும் பெருகி, நீலப்பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக்கொண்டன. 1934இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் தாமஸ் மசல்மன் சாலையோரம் வரிசையாகப் பெட்டிகளை வைக்கத் தொடங்கினார். 1978இல் லாரன்ஸ் செலனி வட அமெரிக்க நீலப்பறவைச் சங்கத்தை நிறுவினார். இன்று அந்தப் பறவையின் பெருக்கத்தில் பெட்டிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

பெட்டி வைத்தவுடன் அதோடு பொறுப்பும் வந்துவிடுகிறது. காட்டுப் பொந்துகள் பார்வைக்கு எளிதில் புலப்படாமல் சிதறிக் கிடக்கும். பெட்டியோ கண்ணுக்குத் தெரியும் இடத்தில், எட்டும் உயரத்தில், ஆண்டுதோறும் அதே இடத்தில் இருக்கும். ஒருமுறை முட்டை கிடைத்த பெட்டிக்குச் சாரைப்பாம்பும் மரநாயும் மறுபடி வரும். காவலில்லாத பெட்டி இவற்றுக்கு வைத்த தீனித்தொட்டியாகிவிடும். காட்டில் ஒரு குஞ்சு பாம்பின் வாயில் போவது இயற்கையின் நடப்பு. பெட்டியில் அதே குஞ்சு போகும்போது, அதை அங்கே அழைத்தவனுக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறது.

இந்தப் பங்கைத் தமிழ் மரபு அடைக்கலம் என்ற கருத்தால் விளங்கிக்கொள்ளும். அதற்கு எடுத்துக்காட்டாக நெடுங்காலமாக நிற்பது சிபி மன்னனின் கதை. மகாபாரதத்தில் வரும் இந்த அரசனைச் சோழர் தம் முன்னோனாகக் கொண்டாடினர். பருந்துக்கு அஞ்சி வந்த புறாவுக்கு அவன் அடைக்கலம் தருகிறான். தனக்குரிய இரை அது என்று பருந்து வழக்குரைக்கிறது. அரசன் பருந்தை அம்பெய்து கொல்லவில்லை. அதன் பசி பொய் என்றும் சொல்லவில்லை. புறாவின் எடைக்குத் தன் தசையை அரிந்து வைக்கிறான். அடைக்கலம் தந்தவனின் கடமையும் வேட்டையாடும் உயிரின் பசியும் ஒரே தராசில் ஏறுகின்றன. இரண்டில் எதையும் கதை தள்ளுபடி செய்வதில்லை. காப்பதன் செலவைக் காப்பவனே ஏற்க வேண்டும் என்பது அதன் தீர்ப்பு.

இதற்கு நேர் எதிரான விடையும் இந்திய மரபில் உண்டு. 1760இல் ராஜஸ்தானில் ஆசார்ய பிக்ஷு தொடங்கிய சுவேதாம்பர ஜைனப் பிரிவான தேராபந்தம், உலகியல் இரக்கத்தையும் ஆன்மிக இரக்கத்தையும் வேறு வேறாகப் பிரித்தது. பூனையிடமிருந்து எலியை வலிந்து மீட்பது உலக வழக்கில் நல்லதாகலாம். ஆன்மாவை உயர்த்தும் அறமாகாது என்பது அதன் நிலை. அகிம்சை என்பது தான் கொல்லாதிருப்பதும், கொல்பவனின் மனம் மாறுவதும். வலிமையால் தடுப்பதில் இரண்டும் நிகழ்வதில்லை. மற்ற ஜைனப் பிரிவினர் இதைக் கடுமையாக மறுத்தனர். டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே ஜைனக் கோயில் வளாகத்தில் இயங்கும் பறவை மருத்துவமனை இன்னொரு வழியைக் காட்டுகிறது. புறா, கிளி போன்றவற்றை அது உள்நோயாளிகளாகச் சேர்த்துக்கொள்கிறது. பருந்து, கழுகு போன்ற புலால் உண்பவற்றுக்குப் புறநோயாளியாக மட்டும் சிகிச்சை தருகிறது. புண்ணை ஆற்றுவது அங்கே கடமை, புலால் ஊட்டுவது கடமையில்லை.

தென்னாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஜீவகாருண்யம் தனித்த கோட்பாடாக வளர்ந்தது. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார் ஜீவகாருண்ய ஒழுக்கத்தை எழுதினார். திருவனந்தபுரத்துக்காரரான சட்டம்பி சுவாமிகள் (1853–1924) ஜீவகாருண்ய நிரூபணம் எழுதினார். செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு (1856–1928) ஜீவகாருண்ய பஞ்சகம் பாடினார். மூவருமே மனிதனை நோக்கிப் பேசினார்கள். புலால் விடு என்று பாம்புக்கு யாரும் உபதேசிக்கவில்லை. உண்பதில் தெரிவு செய்யக்கூடிய உயிருக்கே அறம் விதிக்கப்படுகிறது. தெரிவு இல்லாத உயிரிடம் குற்றமும் இல்லை. ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியாற்றுவது ஜீவகாருண்யம் ஆகாது என்று வள்ளலார் வரையறுத்தார். கூட்டுப்பெட்டிக்கு இதைப் பொருத்தினால் இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன: குஞ்சைப் பாம்புக்கு விட்டுக்கொடுக்கப் பெட்டி வைத்தவன் கடமைப்பட்டவன் அல்லன், குஞ்சைத் தின்ன வந்த பாம்பைத் தண்டிக்கவும் அவனுக்கு உரிமை இல்லை.

குஞ்சின் வினை அதன் முடிவைத் தீர்மானிக்கிறது, மனிதன் இடைமறிக்கலாகாது என்ற வாதமும் கேட்பதுண்டு. இதை ஏற்றால் மருந்தும் அன்னதானமும் வினையில் தலையிடுவதாகிவிடும். வினைக் கோட்பாட்டை ஏற்ற சமயங்களே அறச்சாலைகளையும் மருத்துவமனைகளையும் நடத்தி வந்துள்ளன. உதவும் கையும் அந்த வினைத்தொடரின் ஒரு கண்ணிதான்.

தடுப்பது இயற்கைக்கு மாறானது என்ற வாதத்துக்குப் பொன்முடி மலைக்காடே விடை வைத்திருக்கிறது. அங்குள்ள இருவாச்சிகளில் பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் இரைக் கழிவையும் குழைத்து வாயிலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்குச் சிறு பிளவு மட்டும் மிஞ்சும். அதன் வழியே ஆண் இரை ஊட்டும். கதவைக் குறுக்குவது பறவைகளே கண்ட தற்காப்பு. அதில் வேட்டை உயிருக்குக் காயம் எதுவும் இல்லை. அது வேறிடம் தேடிப் போகிறது.

பாதுகாப்பான பெட்டியின் இலக்கணமும் இதுவே. துளை, பறவை நுழையும் அளவைத் தாண்டக் கூடாது. கிழக்கத்திய நீலப்பறவைக்கு 38 மில்லிமீட்டர் துளை வைத்தால் ஸ்டார்லிங் நுழைய முடியாது. துளையின் கீழே உட்காரும் குச்சி வேண்டாம். பறவைக்கு அது தேவையில்லை, காக்கைக்கு உதவும். மரத்தில் அறைவதைவிட வழவழப்பான உலோகக் கம்பத்தில் ஏற்றுவது நல்லது. கம்பத்தின் இடையில் கவிழ்த்த புனல் வடிவிலோ அகன்ற குழாய் வடிவிலோ தகரத் தடுப்பு வைத்தால் பாம்பும் மரநாயும் ஏறுவது கடினம். அணிலும் குரங்கும் தாவ முடியாதபடி கிளைகளிலிருந்து விலகியிருக்க வேண்டும். கூரை முன்னால் நீண்டிருந்தால் மேலிருந்து கைவிட்டுத் துழாவ முடியாது. பருவமழைச் சாரலும் உள்ளே அடிக்காது. அடியில் நீர் வடியத் துளைகளும், குஞ்சுகள் பறந்தபின் துப்புரவு செய்யத் திறக்கும் பக்கப் பலகையும் வேண்டும். கம்பத்தில் பிளாஸ்டிக் வலை சுற்றுவது, பசை தடவுவது இரண்டும் தவிர்க்கத்தக்கவை. வலையில் சிக்கிய பாம்பு வெயிலில் துடித்துச் சாகும், பசை பறவையின் இறகையும் கெடுக்கும்.

வேட்டை உயிர்கள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. பாம்பு பசிக்கு வேட்டையாடுகிறது. வீட்டுப் பூனை மனிதன் ஊற்றும் பாலில் வயிறு நிரம்பியபின்னும் வேட்டையாடுகிறது. குப்பையில் பெருகிய காக்கை, மனிதன் கொட்டிய எச்சிலால் பெருகியது. பூனையை வீட்டுக்குள் வைப்பதும் குப்பையை மூடுவதும் இயற்கையில் தலையிடுவதாகா; தன் செயலின் விளைவைத் தானே கட்டுப்படுத்துவது அது.

மிகக் கடினமான இடம், ஒரு பறவைக்காக இன்னொன்றைக் கொல்வது. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் நீலப்பறவையைக் காக்கிறது. சிட்டுக்குருவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 38 மில்லிமீட்டர் துளையில் குருவியும் நுழைந்துவிடும் என்பதால் பெட்டி வைப்போர் பலர் அதன் முட்டைகளை அகற்றுகின்றனர், பொறி வைத்துக் கொல்கின்றனர். அதே குருவிக்காகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெட்டிகள் தொங்குகின்றன. 2010 முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. குருவி கடல் கடந்தது மனிதனின் செயல். அதற்கான தண்டனை குருவிக்கு. இனத்தைக் காக்க வேண்டும் என்ற சூழலியல் வாதத்துக்கு வலிமை உண்டு. ஆனால் இங்கே மருந்தும் கொலையாக இருப்பதால், அதைக் கருணை என்று பெயரிட ஜீவகாருண்ய மரபில் இடமில்லை. பெட்டியை அகற்றுவது, இடம் மாற்றுவது போன்ற வழிகளே அந்த மரபுக்கு உகந்தவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை வேட்டையாடுதலின் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. சாரைப்பாம்பும் அதன் பாதுகாப்பில் உள்ளது.

திருவனந்தபுரத்துப் பழைய தறவாடுகள் எனும் குடும்ப வீடுகளில் புரையிடத்தின் ஒரு மூலை, பாம்புக்கான புனிதத் தோப்பாகிய சர்ப்பக்காவாக விடப்பட்டிருக்கும். அங்கே கோடாரி படுவதில்லை. பாம்புக்கு அடைக்கலமான அதே மரக்கூட்டத்தில் முதிர்ந்த பொந்துகள் உண்டாகி, பறவைகளும் குடியிருக்கும். வேட்டையாடுவதும் வேட்டையாடப்படுவதும் அருகருகே வாழ இடம் விட்ட ஏற்பாடு அது. பெட்டி அதற்கு மாற்று ஆகாது. மரம் போன இடத்தில் வைக்கும் ஈடு மட்டுமே.

எனவே கடமைகளை இப்படி வரிசைப்படுத்தலாம். பொந்துள்ள பழைய மரத்தையும், ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட மரத்தையும் விட்டுவைப்பது முதல் கடமை. மரம் இல்லாத இடத்தில் பெட்டி வைப்பது இரண்டாவது. வைத்த பெட்டிக்குக் காயப்படுத்தாத காவல் அமைப்பது மூன்றாவது. இது விருப்பத்தைப் பொறுத்ததன்று, பெட்டியோடு சேர்ந்தே வருவது. அந்தக் காவலைச் செய்ய இயலாதவர் பெட்டி வைக்காதிருப்பதே அறம்.