சூதாட்டச் சந்தையில் நியாயம் யாருக்கு?

2013இல் பெல்ஜியத்தின் தேசிய லாட்டரி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. ‘ஸ்கூர்’ என்ற பெயரில் விளையாட்டுப் பந்தயம் தொடங்கியிருக்கிறோம் என்ற அறிவிப்பு அது. அனுப்பியது ஒரே ஒரு முறைதான். 2015இல் அதற்காக 11.9 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. அந்த நாட்டில் லாட்டரி நடத்தும் உரிமை இந்த நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. ஏகபோகத்தால் சேர்ந்த முகவரிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களும் தொழில் செய்யும் பந்தயச் சந்தைக்குள் நுழைந்தது தவறு என்று பெல்ஜியப் போட்டி ஆணையம் முடிவு செய்தது. அப்படியொரு பட்டியலைப் போட்டியாளர்கள் நியாயமான செலவில் திரட்டவே முடியாது என்பது அதன் வாதம்.

சட்டப்படி அது சரியான முடிவு. ஆனால் அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட தரப்பு யார் என்று பார்த்தால், மற்ற பந்தய நிறுவனங்கள். எப்போதாவது ஒரு சீட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறவரைப் பந்தயம் கட்ட வா என்று கூப்பிட்டது அந்த அஞ்சல். அதைத் திறந்து படித்தவர் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. அதே அழைப்பைத் தனியார் நிறுவனம் ஒன்று தானே திரட்டிய பட்டியலுக்கு அனுப்பியிருந்தால் போட்டிச் சட்டம் வாயே திறந்திருக்காது.

ரொட்டிக்கும் விமானச் சீட்டுக்கும் போட்டி நல்லது. விலை இறங்கும், தரம் ஏறும், கூடுதல் பேர் வாங்குவார்கள். போட்டிச் சட்டம் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. சூதாட்டத்தில் தரம் என்று எதைச் சொல்வது? அடுத்த சுற்று எவ்வளவு சீக்கிரம் வருகிறது, எழுந்து போக எவ்வளவு மனம் வராமல் இருக்கிறது என்பதைத்தானே. இந்தத் தொழிலின் வருமானத்தில் பெரும்பங்கு, அளவுக்கு மீறி ஆடும் சிறு கூட்டத்திடமிருந்து வருகிறது என்பதும் ரகசியமல்ல. நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும்போது முதலில் குறிவைக்கப்படுகிறவர்கள் அவர்கள்தாம்.

பிரான்சில் மட்டும் ஒரு வேடிக்கை நடந்தது. குதிரைப் பந்தய நிறுவனமான பிஎம்யூவுக்குக் கடைகளில் ஏகபோகம். 2010இல் இணையச் சந்தை திறந்த பிறகு அங்கே போட்டி. இரண்டு வழியிலும் வந்த பணத்தை அது ஒரே தொகுப்பில் சேர்த்தது. தொகுப்பு பெருத்தால் வெல்லக்கூடிய பரிசும் பெருக்கும். புதிதாக வந்தவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2014இல் போட்டி ஆணையத்தின் முன் இரண்டையும் பிரிக்க பிஎம்யூ ஒப்புக்கொண்டது. போட்டியாளர்களுக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு பெரிய ஆட்டத்தின் கவர்ச்சி கொஞ்சம் குறைந்தது. போட்டிச் சட்டம் தற்செயலாகச் செய்த நல்ல காரியம் என்று இதைச் சொல்லலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் அரசே வைத்துக்கொள்வதுதான் அறமா? ஐரோப்பாவின் பழைய விடை அது. லாட்டரியும் ஒரு சேவைதான், ஆனாலும் மக்கள் நலனுக்காக நாடுகள் அதைக் கட்டுப்படுத்தலாம் என்று 1994இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஷிண்ட்லர் வழக்கில் சொன்னது. 2003இல் காம்பெல்லி வழக்கு வந்தது. லிவர்பூல் நிறுவனம் ஒன்றுக்காக இத்தாலியில் பந்தயம் வாங்கி அனுப்பிய முகவர்கள் மேல் குற்ற வழக்கு. கருவூலம் நிறைய வேண்டும் என்று மக்களைச் சூதாடத் தூண்டும் அரசு, சூதாட்டத்தைக் குறைக்கத்தான் மற்றவர்களைத் தடுக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். இந்தத் துறையில் வந்த தீர்ப்புகளில் ஒழுக்கத்தின் பக்கம் மிக நெருங்கி வந்தது இதுதான். இன்றைக்கும் இந்தக் கேள்வி தீரவில்லை: 2023இல் பெல்ஜியம் சூதாட்ட விளம்பரங்களைப் பெரும்பாலும் தடை செய்தபோது தேசிய லாட்டரியின் குலுக்கல்கள் அந்தத் தடைக்கு வெளியே நின்றன. தனியார் முணுமுணுத்தார்கள். சுயநலத்தோடு கேட்டாலும் கேள்வி நியாயமானதே.

பின்லாந்தில் அரசு நிறுவனமான வெய்க்கௌஸின் சூதாட்ட இயந்திரங்கள் மளிகைக் கடையில் காசு கட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றன. பால் வாங்கிய சில்லறை அதில் போகும். லாபம் தொண்டு நிறுவனங்களுக்கும் விளையாட்டுக்கும் கலைக்கும் போனது. ஆகவே ஆட்டம் குறைந்தால் நல்ல காரியங்களுக்கே பணம் குறையும் என்ற நிலை. ஏகபோகத்தின் பெரிய கேடு இதுதான்: யோக்கியமான அமைப்புகளையும் தோற்பவர்களின் பணத்துக்குக் காத்திருக்க வைத்துவிடும். 2024இல் அந்த நேரடித் தொடர்பை அறுத்தார்கள்.

ஏகபோகத்தைக் கைவிடச் சொல்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் உண்டு. உள்நாட்டு ஆட்டம் சப்பென்று இருந்தால் ஆடுகிறவர் வெளிநாட்டு இணையதளத்துக்குப் போய்விடுவார். அங்கே எந்தக் கட்டுப்பாடும் எட்டாது. ஸ்வீடன் 2019இல் உரிம முறைக்கு மாறியதற்கு இதுவே காரணம். உண்மையும் அதில் இருக்கிறது. மால்டா உரிமம் பெற்ற தளங்களில் இழந்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஆஸ்திரிய நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அத்தகைய தீர்ப்புகளை நிறைவேற்ற மறுக்கும் சட்டத்தை 2023இல் மால்டா கொண்டுவந்தது. சேவை எல்லை தாண்டலாம், நீதி தாண்டக் கூடாதாம்.

ஆனால் ஆடுகிறவரை உள்ளூர் உரிமத்துக்குள் கொண்டுவருவது முதல் படி மட்டுமே. உள்ளே வந்தவரிடம் இருபது நிறுவனங்கள் போட்டி போட்டுப் பிடுங்கினால், வெளியே ஒன்று பிடுங்கியதைவிட அது எப்படி மேல்? ஜெர்மனி 2021இல் கொண்டுவந்த விதி இங்கே உதவுகிறது. ஒருவர் எத்தனை தளங்களில் கணக்கு வைத்திருந்தாலும், அத்தனையிலும் சேர்த்து மாதம் 1,000 யூரோவுக்கு மேல் போட முடியாது. மையப் பதிவேடு ஒன்று கூட்டிப் பார்க்கும். வசதியைச் சரிபார்த்து வரம்பை உயர்த்தவும் வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியை இறுக்க வேண்டும். ஆனாலும் வரிசை சரி: தோற்பவருக்கு முதலில் ஒரு கூரை, அதற்குக் கீழே எத்தனை போட்டி வேண்டுமானாலும். அந்தக் கூரை இல்லாத நாட்டில் உரிமம் அரசிடம் இருக்கிறதா, பத்துத் தனியாரிடம் இருக்கிறதா என்பது லாபத்தை யார் பங்கு போடுவது என்ற சண்டை மட்டுமே.