மௌனமும் ஜெபமும்



ஒரகடத்தில் இரவு ஷிப்டு முடித்து வரும் பிள்ளை, கண்மூடி மூச்சைக் கவனித்தால் மனம் அமர்கிறதென்று சொன்னால் பதறாதீர்கள். 1989-ல் ரோமையிலிருந்து வந்த நிருபம் இம்முறைகளை முற்றிலும் தள்ளவில்லை; சரீர அமைதியை இஸ்பிரீத்து சாந்துவின் ஆறுதலென்று எண்ணாதிருக்கவே எச்சரித்தது.

அம்மௌனத்தில் நாம் ஒருவரை நேசிக்கிறோமா, அல்லது நாமே கரைந்துபோகிறோமா? 1950-ல் குளித்தலைக்கருகே தண்ணீர்ப்பள்ளியில் ஆசிரமம் ஸ்தாபித்த இரு பிரெஞ்சுக் குருக்களும் இதில் ஒத்துப்போகவில்லை. லெசோ சுவாமி அருணாசலக் குகைகளில் தியானித்து, ஆத்துமமும் பரம்பொருளும் ஒன்றே என்னும் அத்வைதத்தில் ஆழ்ந்தார். மொன்ஷனேன் சுவாமி தயங்கினார். தயங்கியது சரியே: ஒரே சர்வேசுரனுக்குள்ளும் பிதாவும் சுதனும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்களே, வேற்றுமை எப்படிப் பொய்யாகும்? நம் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜரும், பாருங்கள், ஆத்துமம் கடவுளில் கரைந்து மறையும் என்பதை மறுத்தவரே.