படம் எப்படி?

டிசம்பரில் ஒரு வாரம் திருவனந்தபுரத்தில் அபிப்பிராயம் இல்லாத ஆளைப் பார்க்க முடியாது. கேரள சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும் வாரம் அது. தாகூர் தியேட்டர் வாசலிலும் தம்பானூர் கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகளின் படிகளிலும் கழுத்தில் அட்டை தொங்க நிற்பவர்கள், ஈரானியப் படத்தையும் உள்ளூர்ப் படத்தையும் ஒரே மூச்சில் அலசிக் காயப்போடுவார்கள். வெளியே வந்து பத்தடி வைப்பதற்குள் “படம் எப்படி?” என்று கேள்வி வரும். “இன்னும் தெரியலை” என்றால், உள்ளே தூங்கிவிட்டீர்களோ என்று பார்ப்பார்கள்.

இதை நான் கேலி செய்யவில்லை. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் இங்கே சித்ரலேகா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். படம் பார்த்தால் பேசவும் வேண்டும் என்பது இந்த ஊருக்கு அன்றிலிருந்து பழகிய சங்கதி. 2022 விழாவில் நடுவர்கள் பொலிவியப் படமான ‘உத்தமா’வுக்குச் சுவர்ண சகோரம் விருதைக் கொடுத்தார்கள். பார்வையாளர் வாக்கோ லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்க’த்துக்குப் போனது. ஊர் திரும்பும் வழியில் தமிழ்க் கிராமம் ஒன்றில் பஸ்ஸை நிறுத்தி இறங்கும் மலையாளி, அந்த ஊர்க்காரனாகவே மாறிப்போகும் கதை. பழைய தமிழ்ப் படப் பாட்டும் வசனமும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். வரிசையில் நின்றவர்களின் தீர்ப்புதான் சரி என்று எனக்குப் பட்டது. (தமிழன் என்ற சாய்வு இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.)

ஆனால் இதே ஊரில், இரண்டு மூன்று மாதம் முன்னால், கிழக்கே கோட்டையில் வேறொரு வழக்கம். நவராத்திரி மண்டபத்துக் கச்சேரிகளில் கைதட்டல் கிடையாது, ‘சபாஷ்’ கிடையாது. பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வரும் சரஸ்வதிக்கு முன்னால் பாடுவது பூஜை. பூஜைக்கு யார் கைதட்டுவார்கள்? அந்தச் சரஸ்வதி கம்பர் வணங்கிய சிலை என்பது ஐதீகம். மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது கிருதிகளில் எந்த நாளுக்கு எது என்பதும் முடிவான விஷயம். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, நான்காம் நாள் தோடி. பாட்டுத் தேர்வு நன்றாக இருந்தது, புதுசாக ஒன்று பாடினார் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க ரசிகருக்கு வழியில்லை. அதே கிருதியை வருஷா வருஷம் கேட்ட காதுதான் பேச வேண்டும்.

கரமனை அக்ரஹாரத்து மாமா ஒருவரிடம் கச்சேரி முடிந்த கையோடு கேட்டால் வாயே திறக்க மாட்டார். தீபாவளி சமயத்தில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, “இந்த வருஷத் தோடி பரவாயில்லைடா, அதுக்கு முந்தின வருஷத்துதான் இன்னும் காதுல இருக்கு” என்பார். ஊறிய அபிப்பிராயம் அது. டி.வி. பாட்டுப் போட்டிகளில் பாடகர் மூச்சு வாங்கி முடிக்கும் முன்பே ஓட்டுப் போடச் சொல்வதோடு ஒப்பிட்டால் மாமா பக்கம்தான் நான்.

ரசனை விஷயத்தில் மட்டும். ஏனென்றால் அந்த மண்டபத்தின் அமைதிக்குள் இன்னொன்றும் இருந்தது: அங்கே பெண்கள் பாட அனுமதியில்லை. பாடகி பாறசாலை பொன்னம்மாள் இன்றைய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் படித்த முதல் பெண். பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். ஊரில் பலருக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு, ஊரின் பெரிய மேடையில் உட்கார இடமில்லை. 2006இல்தான் கதவு திறந்தது. அங்கே பாடிய முதல் பெண் அவர்தான். அப்போது அவருக்கு வயது 81.

அவசரத்தையும் நிதானத்தையும் நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம். ஒரு சீரியலின் முடிவு, ஒரு டீசர், ஒரு பாட்டின் முதல் முப்பது விநாடி என்றால் அடுத்த நிமிஷமே தீர்ப்பு. மேடையில் யாரை ஏற விடுகிறோம் என்ற கேள்விக்கு மட்டும் தலைமுறை தலைமுறையாக யோசனை. பாட்டைப் பற்றி ஒரு வருஷம் கழித்துச் சொன்னாலும் பாட்டுக்கு நஷ்டமில்லை. பொன்னம்மாள் விஷயத்தில் யாராவது ஐம்பது வருஷம் முன்பே அவசரப்பட்டிருக்கலாம். அப்போது அவருக்கு 31 வயது.