எண்பது வயதில் ஒரு திருத்தம்

பிரையன் கெர்னிகனை நம்மில் பலருக்கு சி மொழிப் புத்தகத்தின் அட்டையில்தான் பழக்கம். டென்னிஸ் ரிட்சியோடு சேர்ந்து 1978இல் அவர் எழுதிய அந்த ஒல்லிப் புத்தகம் இல்லாமல் ஒரு தலைமுறைக்கு சி மொழியே இல்லை. அவர் பெயரின் முதலெழுத்தைச் சுமக்கும் இன்னொரு படைப்பும் உண்டு. அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் 1977இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய ஆக் (AWK) மொழி. கோப்பில் உள்ள வரிகளைப் பிரிக்க, எண்ண, கூட்ட இன்றைக்கும் லினக்ஸ்காரர்களுக்கு அது இல்லாமல் முடியாது.

2022இல், தம் எண்பதாவது வயதில், கெர்னிகன் அந்த ஆக்கின் மூல நிரலை மறுபடி திறந்து யுனிகோடு வசதியைச் சேர்த்தார். அதற்கு முன் ‘அம்மா’ என்ற சொல்லைக் கொடுத்து அதன் நீளத்தைக் கேட்டால் 15 என்று பதில் வரும். அது எண்ணியது பைட்டுகளை. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். திருத்தத்துக்குப் பிறகு 5 என்கிறது. அ, ம, புள்ளி, ம, கால். (ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்றுதான் சொல்லும். அந்த வேலை இன்னும் பாக்கி.) வேடிக்கை என்னவென்றால், 1992இல் யுடிஎஃப்-8 முறையை வகுத்த கென் தாம்சனும் ராப் பைக்கும் அதே பெல் ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள். பக்கத்து அறையில் பிறந்த விஷயம் ஆக்குக்குள் வர முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

திருத்தத்தைவிட, அதோடு அவர் எழுதி அனுப்பிய குறிப்புதான் எனக்குப் பிடித்தது. எவ்வளவு உதவி கிடைத்தும் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவி இன்னும் தமக்குச் சரியாகப் பிடிபடவில்லை, ஆகவே முறைப்படி சேர்க்கக் கொஞ்சம் நாளாகலாம் என்கிற பொருளில் எழுதியிருந்தார். யூனிக்ஸ் என்றாலே நினைவுக்கு வரும் சில பெயர்களில் ஒருவர், கல்லூரி முடித்து வருகிற பையன் முதல் வாரத்திலேயே பழகிவிடும் கருவி தமக்கு விளங்கவில்லை என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்கிறார். சொல்லிவிட்டு வேலையையும் முடிக்கிறார்.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். நாற்பதைத் தாண்டிய புரோகிராமர்கள் இரண்டு பேர் சென்னை ஓஎம்ஆர் டீக்கடையில் நின்றால், மூன்றாவது நிமிடம் பேச்சு “அடுத்து என்ன படிக்கலாம்?” என்பதில் வந்து நிற்கும். கற்றது காலாவதியாகிவிடுமோ என்ற பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. விஷுவல் பேசிக் 6 வந்தது 1998இல்; 2008இல் மைக்ரோசாஃப்ட் அதன் ஆதரவைக் கைகழுவியது. ஃப்ளாஷ் 2020ஆம் ஆண்டின் கடைசி நாளோடு போனது. ஃபாக்ஸ்புரோவில் கடைக்குக் கடை பில்லிங் எழுதிக் கொடுத்தவர்கள் இன்று எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர் என்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோ பார்ப்பார், தேர்வு எழுதுவார், சான்றிதழை லிங்க்ட்இனில் போடுவார். மூன்று மாதத்தில் எல்லாம் மறந்துபோகும். உடனே “வயசாயிடுச்சு, முன்ன மாதிரி மண்டையில ஏறல” என்று வயதின் மேல் பழியைப் போடுவார்.

வயது பாவம். எந்த வேலைக்காகவும் இல்லாமல் படித்தது இருபத்திரண்டு வயதிலும் நிற்பதில்லை. கல்லூரி செமஸ்டர் தேர்வுக்குப் படித்ததில் எவ்வளவு இன்று நினைவிருக்கிறது? ஜப்பானில் மசாகோ வகாமியா என்ற ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், 2017இல் தம் 81ஆம் வயதில் ஐபோனுக்கு ஒரு விளையாட்டை எழுதி வெளியிட்டார். ஹினா பொம்மைகளை அவற்றுக்குரிய இடத்தில் அடுக்கும் விளையாட்டு. முதியவர்கள் ரசித்து ஆடும்படி ஒன்று வேண்டும் என்று நினைத்தார்; அதற்காகத்தான் ஸ்விஃப்ட் மொழியைத் தொட்டார். கெர்னிகனுக்கும் கிட் கற்கும் ஆசை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது, வழியில் கிட் குறுக்கே நின்றது, அவ்வளவுதான்.

இனி, அனுபவம் என்று நாம் சொல்லிக்கொள்வது எது என்பதைப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் இருபது வருடத்துக்கு மேல் மெயின்ஃப்ரேமில் கோபால் (COBOL) மொழியில் நிரல் எழுதியவர். வங்கியின் இரவு நேர பேட்ச் வேலைகள் அவர் பொறுப்பு. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்துவிட்டால் நிரல் ‘சாக் செவன்’ என்று அப்படியே நின்றுவிடும். இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்கு போன் வரும். (ஜாவாஸ்கிரிப்ட் இதே நிலையில் ‘நேன்’, அதாவது எண் அல்ல, என்று திரையில் காட்டிவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன்; தூங்க விட்டது எது என்று தெரியும்.) பாதியில் நின்ற வேலையை விட்ட இடத்திலிருந்து ஓட்ட வேண்டும், ஏற்கெனவே வட்டி ஏறிய கணக்கில் மறுபடி ஏறிவிடக் கூடாது. அந்தக் கவலையிலேயே வளர்ந்தவர்.

இப்போது கிளவுடில் பணப் பரிமாற்றம் எழுதும் குழுவுக்கு மாறியிருக்கிறார். வந்த புதிதில், இருபத்தைந்து வயதுப் பையன் பலகையில் கட்டமும் அம்புக்குறியுமாக வடிவமைப்பை விளக்கிக்கொண்டிருந்தான். பாதிக் கலைச்சொல் இவருக்குப் புரியவில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

“தம்பி, பணம் எடுத்தாச்சு. எடுத்தாச்சுன்னு பதில் வர்றதுக்குள்ள லைன் கட் ஆயிடுது. அப்ப?”

“திரும்ப ட்ரை பண்ணும் மேம்.”

“அப்ப ரெண்டு தடவ எடுக்குமா?”

பையன் பலகையைப் பார்த்தான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பித் தருவது என்று அன்று மாலைக்குள் முடிவானது. புதியவர்கள் இதை ஐடெம்பொடன்ஸ் என்கிறார்கள். இவருக்கு அந்தச் சொல்லே தெரியாது. அது இல்லாவிட்டால் காலையில் வங்கி வாசலில் என்ன நடக்கும் என்பது தெரியும்.

இதோடு கதையை முடித்தால் மூத்தவர்களுக்கு இனிக்கும். மறுவாரம் அவர் எழுதிய முதல் ஜாவா நிரலை அதே பையன் ரிவ்யூ செய்தான். பக்கம் முழுக்கக் குறிப்புகள். “மேம், எல்லா வேரியபிளையும் மேலயே டிக்ளேர் பண்ணியிருக்கீங்க, யார் எங்க மாத்தறாங்கன்னே தெரியல.” கோபாலில் அப்படித்தான், தரவெல்லாம் ஒர்க்கிங் ஸ்டோரேஜில் வரிசையாக இருக்கும், எந்தப் பத்தியும் எதையும் தொடலாம். மொழி மாறியும் கை மாறவில்லை. இதற்கு ‘ஜோபால்’ என்று கேலிப் பெயரே உண்டு. பையன் சொன்னது முழுக்கச் சரி. அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினார்.

போன வாரம் வாத்தியார், இந்த வாரம் மாணவி. இரண்டு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார முடிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புது மொழியின் இலக்கணம் ஒரு மாதத்தில் வந்துவிடும். மற்றவர்களின் நிரலை வருடக்கணக்காகத் திருத்தியவருக்குத் தம் நிரல் திருத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கடினம். நம் நிறுவனங்களின் ஏற்பாடும் இதற்கு உடந்தை. கீழே எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் பல இடங்களில் பதவியும் சம்பளமும் ஏறுகின்றன. நன்றாக எழுதுகிறவரை முப்பத்தைந்து வயதில் எக்செல் தாளின் முன் உட்கார வைத்துவிட்டு, நாற்பத்தைந்தில் “நீங்கள் டெக்னிக்கலாக இல்லை” என்று கைவிரிப்பது அநியாயம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் மாறுகிறது. 2021இல் நிரல் எழுதித் தரும் கோபைலட் வந்ததிலிருந்து நிரல் எழுதுவது மலிவாகிவிட்டது. யாரோ எழுதியதைப் படித்து இது எங்கே உடையும் என்று சொல்வதுதான் அருமையாகிவிட்டது. சென்னையில் பல்லாயிரம் பேர் அதைத்தான் செய்துவந்தார்கள். சப்போர்ட் ப்ராஜெக்ட் என்று பெயர் சொல்லி, டெவலப்மென்டில் இருந்தவர்கள் அவர்களை ஒரு படி கீழாகவே பார்த்தார்கள். அடுத்தவர் எழுதிய பத்தாயிரம் வரியைக் குறிப்பு ஏதும் இல்லாமல் படித்துப் புரிந்துகொண்ட அந்தப் பயிற்சியை எந்தச் சான்றிதழும் தராது.

இளையவர் கையில் கருவி இருக்கிறது, அதற்கேற்ற வேலையைத் தேடுகிறார். மூத்தவரிடம் வேலை இருக்கிறது, வருடக்கணக்காக உறுத்தும் கேள்வியும் இருக்கிறது, கருவிதான் இல்லை. அந்தக் கேள்வியைக் கீழே வைத்துவிட்டு இளையவரின் பாடத்திட்டத்தில் போய்ச் சேர்ந்தால், அவர் கடைசி பெஞ்சு மாணவர்தான்.

குழுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூத்தவர்கள் படிக்க வாரத்தில் சில மணி நேரத்தை அலுவலக நேரத்திலேயே ஒதுக்குங்கள், ஞாயிற்றுக்கிழமையைக் கேட்காதீர்கள். மூத்தவரின் நிரலை இளையவர் ரிவ்யூ செய்யட்டும், இளையவரின் வடிவமைப்பில் மூத்தவர் கேள்வி கேட்கட்டும். நாற்பத்தைந்து வயது நண்பரே, உங்களுக்கும் ஒன்று. மாதாமாதம் கையால் செய்து அலுத்துப்போன வேலை ஏதாவது உங்கள் மேஜையில் கட்டாயம் இருக்கும். திங்கட்கிழமை அதைப் புது மொழியில் எழுத ஆரம்பியுங்கள். மாட்டிக்கொண்டால் பக்கத்து இருக்கைப் பையனிடம், தெரியவில்லை என்று சொல்லிக் கேளுங்கள்.