சாட்டை கைமாறும் இடம்

1965 பொங்கலுக்கு வெளியான ‘எங்க வீட்டுப் பிள்ளை’ படத்தில் ஒரு சாட்டை வருகிறது. முதலில் அது நம்பியாரின் கையில் இருக்கிறது. மனைவியின் தம்பி ராமுவை அந்தச் சாட்டையைக் காட்டியே கோழையாக வளர்த்திருக்கிறார். பிறகு ராமுவின் இடத்துக்கு இரட்டைச் சகோதரன் இளங்கோ வந்துசேர, சாட்டை கைமாறுகிறது. மாடிப்படியில் ஏறியும் இறங்கியும் அதைச் சுழற்றியபடி எம்.ஜி.ஆர். பாடுகிறார். கொட்டகை அதிர்கிறது.

திருப்பி அடிப்பதோடு அந்தக் காட்சி முடிந்திருந்தால் அது ஒரு வீட்டுச் சண்டை. பாட்டு வந்ததும் கதை வீட்டைத் தாண்டிவிடுகிறது. அக்காவின் கணவர் மேல் இருந்த கோபம், ஏழை எளியவர்களுக்காக எடுத்த சபதமாக வளர்ந்துவிடுகிறது. நம் சினிமாவில் நாயகன் பிறப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பாட்டில்தான்.

பாடியது யார்? உடல் எம்.ஜி.ஆருடையது. குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது. சொல் வாலியுடையது, மெட்டு விஸ்வநாதன்–ராமமூர்த்தியுடையது. அதே டி.எம்.எஸ். சிவாஜிக்கும் பாடினார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கட்டிய காலத்திலும் இரு தரப்புக்கும் வீரம் ஒரே தொண்டையிலிருந்துதான் வந்தது.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தாலும் பேச்சு பழையபடி திரும்பவில்லை. அதன்பின் வந்த படங்களில் வசனம் கரகரத்து வரும். அடுத்த நிமிடமே பாட்டு கணீரென்று எழும். வித்தியாசம் எல்லோர் காதிலும் விழுந்தது. ஆனாலும் யாரும் அதைக் குறையாக எண்ணவில்லை. படங்கள் ஓடின, மக்கள் அவரை இன்னும் நெருக்கமாக்கிக்கொண்டார்கள்.

ஏன்? அந்தப் பாட்டை அவர்கள் ஒரு தனிமனிதரின் குரலாகக் கேட்கவே இல்லை. நாயகனின் சண்டையை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவன் உடுப்பும் அழகும் திரையோடு நின்றுவிடும். பாட்டு மட்டும் தரை டிக்கெட் எடுத்தவனோடு கூடவே வரும். மறுநாள் மூட்டை தூக்குகிறவனின் வாயிலும், நாற்று நடுகிறவளின் வாயிலும் அது இருக்கும். முதலாளி முன் தலைகுனிந்து நின்றவன், வரப்பில் தனியாக நடக்கும்போது நிமிர்ந்து பாடுவான். அந்த நேரத்தில் அந்தச் சபதம் அவனுடையது.

ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. பாட்டைத் தன் வாயில் வைத்திருக்கிற வரை அவன் இளங்கோ. ‘எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்’ என்று இருந்துவிட்டால் மறுபடியும் ராமு. எம்.ஜி.ஆரை 1977இல் முதலமைச்சராக்கிய மக்களின் அன்பு பொய்யில்லை. அதைப் பாமரத்தனம் என்று தள்ளுகிறவர்கள் அவர்கள் பட்ட அடியை அறியாதவர்கள். ஆனால் அன்பு வேறு, பொறுப்பு வேறு. நியாயம் கேட்கும் பொறுப்பை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நம் கை வெறுங்கையாகிவிடும்.

ராமுவுக்கும் இளங்கோவுக்கும் ஒரே முகம். இருவரும் எம்.ஜி.ஆர்.தான். கதைக்காகச் செய்த ஏற்பாடுதான் அது. ஆனாலும் வாழ்க்கையின் உண்மை அதற்குள் இருக்கிறது. அடிவாங்கிக் கூனியவனுக்கும் நிமிர்ந்து கேட்கிறவனுக்கும் நடுவே வேறு பிறவி எதுவும் தேவையில்லை. வீரம் ஒருவன் நமக்குச் செய்துதரும் உபகாரம் அல்ல. அடிபட்டவனுக்குள் அது எப்போதும் இருக்கிறது. நாயகன் அதை நமக்கு ஒருமுறை பாடிக் காட்டுகிறான். பாட்டை வாழ்ந்து முடிக்க வேண்டியவர்கள் நாம்தான்.