இலவசமும் பேராசையும்

தமக்கு வேண்டாத பொருளை வேண்டுவோர்க்குக் கொடுப்பது நல்லறமாகும். 2003 ஆம் ஆண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் டெரோன் பீல் என்பவர் ‘பிரீசைக்கிள்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். கதிரை, கட்டில், அலுமாரி போன்றவற்றைக் குப்பையில் எறியாது, இணையம் மூலம் அயலவர்க்கு அறிவித்து இலவசமாகக் கொடுப்பதே அதன் நோக்கம்.

எனினும் இலவசம் என்றதும் பேராசையும் உடன் வந்துவிடுகின்றது. தேவையின்றி முந்திக் கேட்போரும், பெற்றதை விற்றுக் காசாக்குவோரும், வருவதாகச் சொல்லி வராது விடுவோரும் உளர். குழந்தைக் கட்டிலை விற்பதற்கென்றே வாங்கிச் செல்பவர், கொடுத்தவரை மாத்திரமன்றி, குழந்தையைத் தரையிற் கிடத்தும் ஏழைத் தாயையும் வஞ்சிக்கின்றார்.

குறை பெறுவோரிடம் மாத்திரமன்று. பழுதானதை நல்லதென்று கொடுப்பவர் தம் வீட்டுக் குப்பையையே பிறர் வீட்டிற் சேர்க்கின்றார். அது தானமாகாது.

வள்ளுவர் பிறர் பொருளை விரும்பாத ‘வெஃகாமை’யையும், வறியவர்க்குக் கொடுக்கும் ‘ஈகை’யையும் இல்லறவியலிலேயே வைத்தார். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டியவை. எனவே, கொடுப்பவர் பொருளின் குறையை மறையாது சொல்லிக் கொடுக்கவேண்டும். பெறுபவர் தேவையான அளவே பெற்று, மிகுதியை அடுத்தவர்க்கு விடவேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பவருக்கே பெரும்பாலும் தேவை அதிகம். அவரை நினைந்து கையை மடக்கிக்கொள்வதும் ஓர் ஈகையே.